பாட்டைக் காத்த எதுகை

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் மணிக்கணக்கில் பாட்டுப் பாடுவது உண்டு. ஓர் அடிகூடத் தவறாது. எப்படி நினைவில் நிற்கிறது?

இராகம் ஒரு காரணம். எதுகை இன்னொரு காரணம்.

எதுகை என்றால் என்ன? அடிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவதுதான். பட்டு, தட்டு, கட்டு ஆகிய சொற்களைப் பாருங்கள். மூன்றிலும் இரண்டாம் எழுத்து "ட்". "பாட்டு" இந்தக் கூட்டத்தில் சேராது. காரணம், அதன் முதல் எழுத்து நெடில். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்பது சட்டம்! முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. அடியின் கடைசி ஒத்து வந்தால் இயைபு. மூன்றையும் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது.

ஆங்கிலப் பாட்டில் பெரும்பாலும் அடியின் கடைசியில்தான் ஓசை ஒத்து வரும். தமிழ் எதுகையோ அடியின் தலையில் நிற்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. பாடுகிறவர் எங்கே தடுமாறுவார்? ஓர் அடி முடிந்து அடுத்த அடியைத் தொடங்கும்போதுதான். முதல் சொல் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே ஓடிவரும். அந்த முதல் சொல்லைத்தான் எதுகை எடுத்துக் கொடுக்கிறது.

எதுகைக்காகச் சம்பந்தம் இல்லாத சொல்லைக் கொண்டுவந்து மாட்டுகிற புலவர்களும் உண்டு. அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

ஏட்டில் காவல்

வாயில் மட்டும் அல்ல, ஏட்டிலும் எதுகை பாட்டைக் காத்தது.

பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்ற பயம். "கொடி" என்று எழுதினாலும் "கோடி" என்று எழுதினாலும் ஒன்று போலவே இருக்கும். பாட்டை அடி அடியாகப் பிரித்தும் எழுதமாட்டார்கள். ஒரே ஓட்டமாக எழுதிவிடுவார்கள். படி எடுப்பவர் சற்று அயர்ந்தால் போதும், பொருளே மாறிவிடும். அடுத்துப் படி எடுப்பவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார்.

அப்படியானால் சரியான சொல் எது? எதுகையைக் கேட்டால் சொல்லும். முன் அடி "முடி" என்று தொடங்கினால் அடுத்தது "கொடி". "ஆடி" என்று தொடங்கினால் "கோடி". அடி எங்கே தொடங்குகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையரின் கையில் இருந்தவையும் இப்படிப்பட்ட ஏடுகளே. எதுகை கைகொடுக்காத இடங்களில் ஒரே வழிதான் இருந்தது. இன்னோர் ஏடு வேண்டும். அதைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தார்.