உடலின் காவல்காரனையும் உறங்க வைக்கும் மருந்து!

அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தவர்கள், "ஊசி போட்டதுதான் தெரியும், அப்புறம் ஒன்றுமே தெரியாது" என்று சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். மயக்க மருந்து மூளையை உறங்க வைக்கிறது என்பது நாம் அறிந்த செய்திதான். ஆனால், சில மருந்துகள் மூளையோடு நின்றுவிடுவதில்லை. உடலின் சுரப்பிகளிலும் கை வைத்துவிடுகின்றன. எட்டோமிடேட் என்னும் மருந்தின் கதை அத்தகையது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் இக்கதையை இன்று அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் இரு சிறுநீரகங்களின் மீதும் சின்னத் தொப்பி கவிழ்த்தாற்போல் அட்ரீனல் சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. அவை சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன்தான் உடலின் காவல்காரன். காயம் பட்டாலும், கிருமி தாக்கினாலும், பட்டினி கிடந்தாலும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதுவே. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்ப, அட்ரீனல் பல படிகளில் கார்டிசோலைத் தயாரிக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மரத்தில் பால் எடுத்து, உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கியாயிற்று. கடைசியில் புகை வீட்டுக் கதவை யாரோ பூட்டிவிட்டார்கள்! ஈரத் தகடுகள் மலைபோல் குவியும். "சரக்கு எங்கே?" என்று துரை மேலும் மேலும் ஆள் அனுப்புவார். ஆனால் வெளியே போக ஒரு தகடும் தயாராகாது. எட்டோமிடேட் அட்ரீனலில் செய்வது இதையேதான். கார்டிசோலாக மாறும் கடைசிப் படிக்கு வேண்டிய நொதியை அது முடக்கிவிடுகிறது. பிட்யூட்டரி எவ்வளவு கட்டளை அனுப்பினாலும் பயனில்லை.

இம்மருந்து 1970களில் மருத்துவமனைகளுக்கு வந்தபோது மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஊசி போட்ட ஒரு நிமிடத்திற்குள் மயக்கம் வரும். மற்ற மயக்க மருந்துகளைப் போல் இரத்த அழுத்தத்தை அதிகம் குறைக்காது. ஆகவே இதய நோயாளிகளுக்கு ஏற்றது என்று போற்றப்பட்டது. விபத்தில் படுகாயமுற்று, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களை அமைதியாக வைத்திருக்கவும் சில இடங்களில் இதை நாள்கணக்கில் தொடர்ந்து ஏற்றினார்கள்.

1983-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த லெடிங்கம், வாட் என்ற இரு மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். தீவிர சிகிச்சையில் எட்டோமிடேட் பெற்றவர்கள், வேறு மருந்துகளால் அமைதிப்படுத்தப்பட்டவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். அதன் பின்னரே, இது கார்டிசோல் உற்பத்தியை அடைத்துவிடுகிறது என்பது தெளிவாயிற்று. காவல்காரன் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அவனையும் சேர்த்து உறங்க வைத்திருந்தார்கள்! நாள்கணக்கில் ஏற்றும் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

ஒரே ஒரு ஊசி போட்டால் மனிதர் சில நிமிடங்களில் கண் விழித்துவிடுவார். சுரப்பி விழித்தெழவோ ஏறக்குறைய ஒரு நாள்கூட ஆகலாம். இதை அறிந்துதான் மருத்துவர்கள் இன்றும் தேவையானவர்களுக்கு ஒரு தடவை மட்டும், கண்காணிப்போடு தருகிறார்கள். ஆகவே மருத்துவமனையில் இந்தப் பெயரைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய இடம் வேறு. இந்த மருந்தை 'வேப்' எனப்படும் மின் சிகரெட்டில் கலந்து இளையோருக்கு விற்கிறார்கள். இதன் காரணமாகவே சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி எட்டோமிடேட்டைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர்களே தொடர்ந்து கொடுக்கத் துணியாத மருந்தை, அளவும் தெரியாமல், கண்காணிப்பும் இல்லாமல், நாள்தோறும் இழுக்கிறார்கள் பிள்ளைகள்! தள்ளாட்டமும் கை நடுக்கமும் வெளியே தெரியும். உள்ளே சுரப்பி முடங்குவது கண்ணுக்குத் தெரியாது. தகடுகள் குவிவதுபோல் பாதியில் நின்ற ஹார்மோன்கள் தேங்குவதால், இரத்த அழுத்தம் ஏறுவதையும் பொட்டாசியம் குறைவதையும், பெண்களிடம் வேண்டாத இடங்களில் முடி வளர்வதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்நிலையில் ஒரு காய்ச்சலோ விபத்தோ வந்தால், உடலைத் தாங்க ஆளில்லை.

பெற்றோர்களே! பிள்ளை காரணமின்றித் தள்ளாடினால், ஓயாமல் சோர்ந்து கிடந்தால், வாந்தியும் தலைச்சுற்றலும் தொடர்ந்தால், அடிப்பதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'வேப்' பழக்கம் இருந்தால் மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால்தான், சுரப்பியைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றும். உரிய வேளையில் சொல்லும் உண்மை உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கும்.