எடிசனுக்கு டேக்கா கொடுத்தவர்கள்!

நீங்களும் நாலு நண்பர்களும் சேர்ந்து ஒரு படம் எடுக்கக் கிளம்புறீங்க. கதை ரெடி, ஹீரோவும் ரெடி. அப்போ கோட் போட்ட ஒருத்தர் வந்து, 'கேமரா உரிமை எங்களுது. ஃபிலிம் ரோல் எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான். தியேட்டர்காரரும் வாராவாரம் எங்களுக்குக் காசு கட்டணும்'னு சொன்னா எப்படி இருக்கும்? கடுப்பாகும்ல! நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் படமெடுக்க வந்தவர்களுக்கு நடந்தது இதுதான். ஹாலிவுட் வளர்ந்த கதையில் அந்தக் கடுப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

பிறந்த வீடு நியூஜெர்சி

அமெரிக்க சினிமா பிறந்தது ஹாலிவுட்டில் இல்லை. பல்பு புகழ் எடிசன் 1893-ல் நியூஜெர்சியில் ஒரு கறுப்புக் கொட்டகை போட்டார். பெயர், 'பிளாக் மரியா'. வெளிச்சத்துக்காகக் கூரையைத் திறக்கலாம். சூரியன் நகர நகர, கொட்டகையையே திருப்பலாம். கேமராவை உருவாக்கியதில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் டிக்சனுக்கு. பேட்டன்ட் மட்டும் எடிசன் பெயரில்!

1905-ல் பிட்ஸ்பர்க் நகரில் 5 சென்ட் டிக்கெட்டில் 'நிக்கலோடியன்' தியேட்டர் வந்தது. தொழிலாளர் கூட்டம் அள்ளியது. ஊருக்கு ஊர் தியேட்டர்கள் முளைத்தன. காசு கொட்டுற இடத்தில் பூட்டுப் போட ஆள் வராமல் இருப்பாங்களா? 1908 டிசம்பரில் எடிசனும் மற்ற பெரிய கம்பெனிகளும் கைகோத்து, 'மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி'யை ஆரம்பித்தார்கள். தியேட்டர்காரர் ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் வாரம் 2 டாலர் கட்டணும். கோடக் கம்பெனியின் ஃபிலிமும் இவர்கள் கூட்டாளிகளுக்கு மட்டும்தான்.

துணிக்கடை மேனேஜர் கொடுத்த ஷாக்

முடியாது என்றவர்களில் ஒருவர் கார்ல் லேம்லி. 17 வயதில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். துணிக்கடை மேனேஜராக இருந்து, 1906-ல் சிகாகோவில் தியேட்டர் திறந்தார். 1909-ல் கூட்டணியை உதறிவிட்டுச் சொந்தமாகப் படம் எடுத்தார். வழக்கு மேல் வழக்கு விழுந்தது. மனுஷன் அசரலையே!

அப்போது நடிகர்களின் பெயரைப் பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். பேர் தெரிந்தால் சம்பளம் கூடக் கேட்பார்களே! ரசிகர்கள் 'பயோகிராஃப் பெண்' என்று மட்டுமே அறிந்திருந்த ஃப்ளோரன்ஸ் லாரன்ஸைத் தன் பக்கம் இழுத்தார் லேம்லி. அவர் விபத்தில் இறந்துவிட்டதாக 1910-ல் வதந்தி. 'பொய்!' என்று பெயரோடு விளம்பரம் கொடுத்தார் லேம்லி. வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்பார்கள். எப்படியோ, நட்சத்திரம் பிறந்தாச்சு.

இன்னொரு பக்கம், படக்குழுக்கள் கலிபோர்னியாவுக்கு நகர்ந்தன. வருஷம் முழுக்க வெயில், பக்கத்திலேயே கடல், மலை, பாலைவனம், குறைந்த கூலி. இதற்காக எடிசன் கூட்டணிக் கம்பெனிகளும் போயின. சுயேச்சைகளுக்குக் கூடுதல் லாபம், எடிசன் ஆட்களிடமிருந்து ரொம்ப தூரம்! 1911-ல் ஹாலிவுட்டின் முதல் ஸ்டுடியோவான நெஸ்டர் வந்தது. 1912-ல் லேம்லி இன்னும் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் யுனிவர்சல். 1915-ல் எடிசன் கூட்டணி சட்டவிரோதம் என்று கோர்ட் தீர்ப்பளித்தது. சுபம்!

சுபமா? இருங்க...

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே பூட்டை எடுத்து அவர்களே மாட்டினார்கள். படம் எடுப்பது, விநியோகம், தியேட்டர் மூன்றும் சில பெரிய ஸ்டுடியோக்களின் கையில். ஹிட் படம் வேணுமா? கூடவே நாலு சுமார் படத்தையும் வாங்கணும். 1948-ல் சுப்ரீம் கோர்ட் பாரமவுன்ட் வழக்கில் தலையிட, பெரிய ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைக் கைகழுவ வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடுகளையும் 2020-ல் கோர்ட்டே நீக்கிவிட்டது.

இன்னிக்கு உங்க பாக்கெட்டிலேயே கேமரா இருக்கு. எந்த எடிசனும் அதைப் பிடுங்க மாட்டார். ஆனா, எடுத்த படத்தை யாரோட திரையில் காட்டப் போறீங்க? அந்தக் கதவுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு? அதைத் தெரிஞ்சுக்கிட்டு 'ஆக்‌ஷன்' சொல்லுங்க பாஸ்!