மாமையும் வெண்மையும்

நிறம் என்ற சொல்லுக்கு வண்ணம், ஒளி, இயல்பு, மார்பு எனத் தமிழில் பல பொருள்கள் உண்டு. இத்துணை விரிந்த சொல்லை இன்று நாம் ஒரு பொருளுக்குள் சுருக்கிவிட்டோம். "பெண் நல்ல நிறம்" என்று ஒருவர் கூறின், அப்பெண் வெளுத்த மேனியள் என்றே கொள்கிறோம். கருமை ஒரு நிறமே அன்று போலும்! "கறுப்பானாலும் களையான முகம்" என்னும் பாராட்டிலும், அந்த 'ஆனாலும்' ஒரு குறையை முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

நம் முன்னோர் இவ்வாறு கருதினார் அல்லர். சங்க அகப்பாடல்கள் தலைவியின் மேனியழகை 'மாமை' எனப் போற்றுகின்றன. மாந்தளிரை ஒத்த நிறம் என அதற்கு உரைகள் பொருள் கூறும். தலைவன் பிரிந்தபோது அம்மாமை கெட்டு, மேனியில் படரும் வெளிறிய நிறமே பசலை. அத்துயருக்கெனத் திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே உண்டு. அன்று மேனி வெளிறுதல் நோயின் அறிகுறி. இன்றோ அவ்வெளிறலை விலை கொடுத்து வாங்குகிறோம்.

தோலின் நிறத்தைப் பெரிதும் முடிவு செய்வது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இன மக்களிடமும் ஏறத்தாழ ஒன்றே. நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயில் மிக்க நிலத்தில் செறிந்த நிறமி புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கிறது. வெயில் குன்றிய நிலத்தில் வெளிர்மேனி வைட்டமின் டி உண்டாகத் துணைசெய்கிறது. ஆகவே, நிறம் என்பது ஞாயிறும் நிலமும் மூதாதையர் உடலில் எழுதிய குறிப்பேயன்றி, அறிவுக்கோ பண்புக்கோ அளவுகோல் அன்று.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1626-இல் மறைந்தார். முகலாயப் பெரும்படையை நெடுங்காலம் எதிர்த்து நின்றவர் அவர். அவரைப் போன்றே ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள், குஜராத்திலும் கர்நாடகத்திலும் அவ்வப் பகுதி மொழிகளையே பேசி வாழ்கின்றனர். எனினும், சொந்த நாட்டிலேயே அவர்களை அயலாராக நோக்கும் கண்கள் உள.

1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்டு லவ்லி' முகப்பூச்சு, 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. நம் இல்லங்களில் பெண் பார்க்கும் கூடத்தில் அச்சொல் கைவிடப்பட்டதா? கல்வியும் குணமும் நிறைந்த பெண், மேனியின் கருமைக்காகவே மறுக்கப்படுவதும், அக்கருமையை ஈடுசெய்யக் கூடுதல் நகை கேட்கப்படுவதும் இன்றும் நிகழக் காண்கிறோம். "பெண் என்ன நிறம்?" என்ற வினாவைப் பெரியோர் கேளாதிருக்கட்டும், கேட்பினும் இளையோர் விடை கூறாதிருக்கட்டும். அன்று, நிறம் என்ற சொல் தன் பழைய விரிவை மீளப் பெறும்.