கருந்திரையும் வெண்திரையும்

தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரம் கரிசல் நிலத்தூர். பருத்தி வெடிக்குங்காலத்தில் அந்நிலத்தின்மேல் வெண்பஞ்சு தொலைவிலும் தெளிவாகத் தோன்றும். அப்பஞ்சினால் நெய்த வெள்ளாடையிற் படிந்த சிறு மைத்துளியும் அவ்வாறே கண்ணிற்படும். கருமைமேல் வெண்மை, வெண்மைமேல் கருமை என்னும் இவ்விரண்டுள் எழுத்திற்கு ஏற்றது யாது? கணிப்பொறியில் நிரல் எழுதுவோரிடையே இஃது ஓயாத வழக்காக உள்ளது.

வழக்குப் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக் கீறியவுடன் நன்கு புலப்படாது. வசம்புக்கரி, இலைச்சாறு முதலியவற்றைப் பூசித் துடைத்தால், கீறலில் மை தங்கி எழுத்து விளங்கும். இதனை மையாடல் என்பர். பின்னர்க் கற்பலகை வந்தது. கரியும் ஊமத்தையிலையும் அரைத்துப் பூசிய கரும்பலகையும் வந்தது. கண்ணுக்கு நலம் என்று எவரும் பலகையைக் கருமையாக்கினாரல்லர். சுண்ணக்கட்டி வெண்மையாதலின் பலகை கருமையாயிற்று.

கணிப்பொறித் திரையின் கதையும் அத்தகையதே. பழைய திரைக்குழாயில் மின்கதிர் பட்ட இடமே ஒளிரும். ஏனைய இடம் இருண்டிருக்கும். ஆகவே கருமைமேல் பச்சை எழுத்து அமைந்தது. 1973-இல் அமெரிக்காவில் சீராக்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய ஆல்ட்டோ என்னும் பொறி, தாளைப் போன்ற வெண்திரையில் கரிய எழுத்தைக் காட்டிற்று. 1984-இல் வெளிவந்த மாக்கின்டாஷ் அதனைப் பரப்பியது. கருந்திரையோ மறையவில்லை, 2018, 2019 ஆம் ஆண்டுகளில் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் மீண்டும் பெருவழக்காயிற்று.

இனிக் கண்ணின் இயல்பைக் காண்போம். வெளிச்சம் மிகுந்தால் கண்பாவை சுருங்கும். சுருங்கிய பாவை உருவைக் கூர்மையாகக் காட்டும். இருளிற் பாவை விரிய, கண்ணின் சிறு குறைகளும் பெரிதாகும். வெள்ளெழுத்தின் விளிம்பு கசிந்தாற்போலத் தோன்றும். ஆதலின், நெடுநேரம் படிப்பதற்கு வெண்திரையே பெரும்பாலோர்க்கு ஏற்றது. கண்புரையால் ஒளி சிதறப்பெறுவோர் சிலர்க்கோ கருந்திரையே எளிது.

நிரல் எழுதுவோர் கருந்திரையை விரும்புதற்கு வேறு காரணமும் உண்டு. நிரலின் உறுப்புகள் பல நிறங்களால் வேறுபடுத்திக் காட்டப்படும். மஞ்சளும் இளம்பச்சையும் கருமைமேல் ஒளிரும், வெண்மைமேல் மங்கும். ஆயினும் கருநீலம் கருமைமேல் மறைந்துவிடுமன்றோ? எனவே, பின்புலத்தை மாற்றுவோர் எழுத்தின் நிறங்களையும் உடன்மாற்றல் வேண்டும்.

கருந்திரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது முழுவுண்மையன்று. பின்னால் விளக்கெரியும் திரையில் கரிய பகுதிக்குப் பின்னும் அவ்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். புள்ளிதோறும் தானே ஒளிரும் ஓலெட் திரையிலேதான் சேமிப்பு உண்டு. அதிலும், ஒளியை முழுமையாக வைத்தால் நூற்றுக்கு 39 முதல் 47 பங்கு மிஞ்ச, 30 முதல் 50 பங்கு ஒளியில் 3 முதல் 9 பங்கே மிஞ்சும் எனப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் கண்டறிந்தனர்.

சித்திரை வெயிலில் நாகலாபுரத்துத் திண்ணையில் அமர்ந்து கருந்திரையை விரித்தால், எழுத்தினும் முன்னாகப் பார்ப்பவன் முகமே அதில் தெரியும். அங்கு வெண்திரையே உதவும். விளக்கணைத்த அறையிலோ அவ்வெண்திரையே கண்ணைக் கூசச் செய்யும். அப்பொழுது ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம், அன்றிக் கருந்திரைக்கு மாறலாம்.