நிலத் தகராறும் கிரிமினல் அத்துமீறலும்

பாத்தியதை வழக்குத் தீராத நிலத்தில் எதிரி ஏர் பூட்டி இறங்கினால், கிரயப் பத்திரத்தைக் காட்டுவது மட்டும் கிரிமினல் கோர்ட்டில் போதாது. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441-வது பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் ஸ்தானத்தில் அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 329-வது பிரிவும் வினவுவது, அன்று நிலம் யாருடைய சுவாதீனத்தில் இருந்தது என்பதையே. இதற்கு அடங்கல் நகலும், விதைப்பையும் அறுப்பையும் நேரில் கண்ட அண்டை நிலத்தாரின் சாட்சியமும் பெரிதும் உதவும். பட்டாவைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிலத்தைத் தரிசாகப் போட்டவர்பாடு சங்கடந்தான்.

மேலும், குற்றம் புரியவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ கருதியே எதிரி நுழைந்தான் என்பதும் ருஜுவாக வேண்டும். தனக்கே உரியதென மெய்யாக நம்பி நுழைந்தவன் பெரும்பாலும் விடுதலையாகிவிடுவான். சம்மதமின்றிச் சட்டமுறைக்குப் புறம்பாகச் சுவாதீனம் இழந்தவர், ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்கிட்டால், பாத்தியதையை ருஜுப்படுத்தாமலே நிலத்தைத் திரும்பப் பெறலாம். கிரிமினல் வழக்கையே நம்பியிருந்து இத்தவணையைக் கடத்தியவருக்கு அவ்வழி அடைபட்டுப்போகும்.