பதக்கம் கூறும் சரித்திரம்

பழைய போர்ப் பதக்கங்களை அணிகலன்களாக மாத்திரம் நோக்கி அப்பாற் செல்வோர் பலர். உண்மையில் ஒவ்வொரு பதக்கமும் ஒரு சிறு சாசனமாகும். சாசனத்தைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். பதக்கத்தைப் படிக்கவும் சில முறைகளை அறிந்திருத்தல் வேண்டும். விக்ரோறியா மகாராணியார் காலத்து இளம் பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் பெற்ற இரு பதக்கங்களைக் கொண்டு அம்முறைகளை ஈண்டு விளக்குவோம். அவை கூறுவன எவை, கூறாது விடுவன எவை என்பதும் அதனாற் புலனாகும்.

அவ்வதிகாரி பிரெடெரிக் சிலே றொபேட்ஸ் என்பவர். 1832 ஆம் ஆண்டு கான்பூரிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் நோயினால் வலக்கண் பார்வையை இழந்தவர். எனினும் இங்கிலாந்திற் படைப்பயிற்சி பெற்று, 1851 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், தமது பத்தொன்பதாவது வயதில், கிழக்கிந்தியக் கொம்பனியின் வங்காளப் பீரங்கிப்படையிற் சேர்ந்தார். பின்னர் குதிரைப் பீரங்கிப்படைக்கு மாற்றப்பட்டார். இலேசான பீரங்கிகளைக் குதிரைகள் இழுக்க, வீரரும் குதிரையேறி உடன் செல்வதால், குதிரைப்படையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வல்லது அப்பிரிவு.

1857 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீரத்து நகரிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். டெல்லி முற்றுகையிற் பணியாற்றிய றொபேட்ஸ் யூலை மாதத்திற் காயமுற்றார். நவம்பரில் இலக்னோவில் அடைபட்டிருந்தோரை மீட்கச் சென்ற படையிலும், 1858 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நகரைக் கைப்பற்றிய படையிலும் அவர் இருந்தார்.

இம்மூன்று செய்திகளையும் அவருடைய வெள்ளிப் பதக்கம் சுருங்கக் கூறுகின்றது. அதன் முகப்பில் மகாராணியாரின் தலையுருவம். பின்புறத்தில் வெற்றிமாலை ஏந்திய பிரித்தானியத் தேவியின் உருவமும், அவள் பின்னே ஒரு சிங்கமும், ‘இந்தியா’ என்னுஞ் சொல்லும், 1857 - 1858 என்னும் ஆண்டுகளும் உள்ளன. வெண்ணிற நாடாவில் இரண்டு செந்நிறக் கோடுகள் ஓடுகின்றன. நாடாவின் மேல் ‘டெல்லி’, ‘இலக்னோ மீட்பு’, ‘இலக்னோ’ எனப் பொறித்த மூன்று வெள்ளிப் பட்டைகள் உண்டு. பதக்கம் எந்தப் போர் என்பதைக் காட்டும். பட்டை எந்தக் களம் என்பதைக் காட்டும். பதக்கத்தின் விளிம்பிலோ பெற்றவரின் பெயர் பொறிக்கப்படும். ஆராய்ச்சியாளர் முதலிற் புரட்டிப் பார்ப்பது அவ்விளிம்பையே.

மற்றையது விக்ரோறியாச் சிலுவை. 1856 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இவ்விருது வெண்கலத்தாலாயது. சிலுவையின் பின்புறத்தில் வீரச்செயல் நிகழ்ந்த திகதியும், அதனைத் தாங்கும் சட்டத்தின் பின்புறத்திற் பெற்றவரின் பெயரும் பொறிக்கப்படும். றொபேட்சுக்குரிய திகதி 1858 ஆம் ஆண்டு சனவரி 2. அன்று குதாகஞ்சில், கொடியொன்றைக் கொண்டோடிய சிப்பாய்கள் இருவரைக் குதிரையில் துரத்தினார். ஒருவன் திரும்பித் துப்பாக்கியின் விசையை இழுத்தான். அது வெடியாது போயிற்று. றொபேட்ஸ் கொடி பிடித்தவனை வெட்டி வீழ்த்திக் கொடியைக் கைப்பற்றினார். அன்றே, துப்பாக்கி முனைக் கத்தியால் இந்தியக் குதிரைவீரன் ஒருவனைத் தடுத்து நின்ற வேறொரு சிப்பாயையும் வீழ்த்தினார்.

இனி, பதக்கம் கூறாது விடுவனவற்றை நோக்குவோம். வெடியாத அத்துப்பாக்கியைப் பற்றி அது பேசாது. வீழ்ந்த கொடிவீரனின் பெயர் எவ்விளிம்பிலும் இல்லை. ஆங்கிலேயர் பக்கம் நின்று போராடிய இந்திய வீரரும் 1911 ஆம் ஆண்டு வரை விக்ரோறியாச் சிலுவை பெறும் தகுதியற்றோராகவே வைக்கப்பட்டிருந்தனர். 1857 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலாகூரிற் சிப்பாய்கள் இருவர் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டதை றொபேட்சே தமது நூலில் எழுதியுள்ளார். பீரங்கியின் அப்பயனுக்குப் பட்டை எதுவும் இல்லை. ஆங்கிலேயர் ‘கலகம்’ என்றதனை இந்தியர் பலர் முதலாவது சுதந்திரப் போர் என்பர். பதக்கமோ ‘இந்தியா’ என்று மட்டும் கூறி அமைகின்றது.

பதக்கத்தின் விலையைப் பிற்கால நிகழ்ச்சியொன்று உணர்த்தும். 1899 ஆம் ஆண்டு திசெம்பர் 15 ஆம் திகதி, தென்னாபிரிக்காவிற் கொலென்சோ என்னுமிடத்தில், களத்திற் கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்க முன்வந்தோருள் றொபேட்சின் மைந்தரும் ஒருவர். காலாட்படை அதிகாரியான அவர் அங்கே படுகாயமுற்று இரு நாளில் இறந்தார். அவருக்கும் அதே சிலுவை வழங்கப்பட்டது. தந்தையும் மைந்தனும் அதனைப் பெற்ற குடும்பங்கள் மூன்றே. அப்பெருமையை எண்ணுமுன், மைந்தனை இழந்த சில நாட்களுள் அதே போருக்குத் தலைமை தாங்கக் கப்பலேறிய முதியவரை எண்ணிப் பார்த்தல் தகும்.

பெயர், களம், ஆண்டு ஆகிய மூன்றுக்கும் பதக்கம் நல்ல சான்று. போரின் நியாயத்துக்கு அது சான்றாகாது. சரித்திரம் பயிலும் மாணவர் பதக்கத்தின் இரு புறங்களையும் விளிம்பையும் கூர்ந்து படிப்பாராக; பின்னர், பதக்கம் பெறாதாரின் வரலாற்றையும் தேடிப் படிப்பாராக.