மீன் தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்!

கண்ணாடித் தொட்டி வாங்கியாயிற்று. கூழாங்கல் பரப்பி, செடி நட்டு, தண்ணீரும் ஊற்றியாயிற்று. பொன்மீன், கப்பி, மோலி என்று வகைவகையாக மீன்கள் துள்ளி விளையாடுகின்றன. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

பத்து நாள் போகிறது. ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. மறுநாள் அது செத்து மிதக்கிறது. அடுத்த வாரம் தொட்டியே காலி! "கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார்" என்கிறார் அப்பா. "கண் பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி.

பெரும்பாலும் இரண்டுமே காரணம் அல்ல. தொட்டி புதிது. அதுதான் காரணம்!

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் தன் உடலில் சேரும் அமோனியாவைச் செவுள் வழியாக வெளியே விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியா உண்டாகும். குளத்திலும் ஆற்றிலும் அது கரைந்து போய்விடும். தொட்டியில் போக வழி ஏது? அது மீனின் செவுளையே புண்ணாக்கிவிடும்.

இதைத் தீர்க்க இயற்கையே இரண்டு வேலைக்காரர்களை வைத்திருக்கிறது. இரண்டும் நுண்ணுயிர்கள். முதல் கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். ஆனால் நைட்ரைட்டும் விஷமே. அது ரத்தத்தில் கலந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். செவுள் பழுப்பு நிறமாகும். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கு குறைவு. செடிகளுக்கோ அது உரம்!

பால் உண்டு, உறை இல்லை

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. உறை ஊற்றாத பாலைப் போன்றது அது. பால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உறை இல்லாமல் தயிர் ஆகுமா?

இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். இட்லி மாவு ஒரே இரவில் புளித்துவிடுகிறது. இவை போதிய அளவு பெருகுவதற்கோ 4 முதல் 6 வாரம் ஆகும்.

இவை உயிர்கள்தாம் என்பதை 1877-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஷ்லேசிங், முன்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல ஒழுகவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒரு மாறுதலும் இல்லை. பிறகு அமோனியா மறைந்தது, நைட்ரேட் வந்தது! குளோரோபாம் கலந்ததும் வேலை நின்றது. அதை நீக்கி, மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தே காட்டினார்.

மீன் வளர்ப்போருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: பொறுத்திருக்க வேண்டும், மருந்து கூடாது, உறை ஊற்றலாம்!

செய்ய வேண்டியது என்ன?

மீன் விடுவதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் ஊற்றி, வடிகட்டியை ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி, நுண்ணுயிர்களுக்கு உணவாகும்.

நெடுநாளாக நோயில்லாமல் ஓடும் தொட்டி நண்பர் வீட்டில் இருக்கிறதா? அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வாருங்கள். அதுதான் உறைமோர்!

தண்ணீரைப் பரிசோதிக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார். அப்போதும் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்குங்கள்.

மீன் விட்டாயிற்றே, என்ன செய்வது?

தீனியைப் பாதிக்கு மேல் குறையுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்வதால் தண்ணீரோடு போய்விடமாட்டா. நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேற்படாமல் கல்லுப்பு கரைத்து ஊற்றலாம். உப்பு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். ஆனால் கெளுத்தி இன மீன்களுக்கும் சில செடிகளுக்கும் உப்பு ஆகாது.

ஆறு வாரமாகியும் அமோனியா இறங்கவில்லையா?

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறீர்களா? அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கசக்கிப் பிழிகிறீர்களா? உறையையே கொட்டிவிட்டீர்கள்! தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறீர்களா? அதில் தாது உப்பு மிகக் குறைவு. நாளடைவில் தொட்டி நீரில் புளிப்பு ஏறி நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாருங்கள். அவசரம் வேண்டாம். நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8 ஆனால் அமோனியாவின் விஷம் ஏறக்குறைய 10 மடங்காகும்!

மின்சாரம் பல மணி நேரம் போயிற்றா? வடிகட்டி நின்றால் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு முட்டும். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருங்கள். பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே போட்டு வையுங்கள்.

முதல் வாரம் தண்ணீர் பால் போல் கலங்குகிறதா? பயப்படாதீர்கள்; தானே தெளியும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். மீன் வளர்ப்பவருக்குப் பூமி வேண்டாம். ஆறு வாரம் பொறுத்தால் தொட்டி நிறைய மீன் வாழும்!